அடவும் சூழலும்: பிலிப்பைன்ஸ் நாட்டார் கலைகளை இளையோர் நயக்கக் கற்றல்

ஆய்வுச்சுருக்கம்

பிலிப்பைன்ஸ் நாட்டில் நாட்டார் ஆடல் பள்ளிப் பாடமாகி ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஆகிறது. அப்பாடமும் அதன் பின்னர் எழுந்த மேடை நடனமும் சேர்ந்தே நாட்டார் கலையைத் திரித்துவிட்டன என்னும் கருத்து பரவலாக உள்ளது. இக்கட்டுரை பாடநூலையும் மேடையையும் ஒரு தட்டில் வைக்க மறுக்கிறது. பாடநூல் அடவைக் காத்துச் சூழலைக் கைவிட்டது. மேடை ஆடுவோரையே காண்போராக்கியது. அம்பாஹன் பாடல், ஹுட்ஹுட் ஓதுகை, தினாலக் நெசவு ஆகியவற்றில் ஒரு குழந்தை கலையை எவ்வாறு அடைகிறது என்பதை முன்வைத்து, இன்றைய வாழும் மரபுப் பள்ளிகளின் ஆற்றலும் எல்லையும் மதிப்பிடப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: பிலிப்பைன்ஸ், நாட்டார் கலை, நிகழ்த்துச்சூழல், டினிக்லிங், ஹுட்ஹுட், அம்பாஹன், தினாலக், வாழும் மரபுப் பள்ளி

முன்னுரை

பிலிப்பைன்ஸ் பள்ளிகளில் ஆகஸ்டு மாதம் தேசிய மொழி மாதமாகக் கொண்டாடப்படுகிறது. அதன் நிறைவு விழாவில் மாணவியர் அகன்ற கையுடைய மேற்சட்டையும் நீள்பாவாடையும் அணிந்தும், மாணவர் மெல்லிய பாரோங் சட்டை அணிந்தும் மேடையேறுவது வழக்கம். அங்கு ஆடப்படுவது பலவிடங்களில் டினிக்லிங் ஆகும். இருவர் எதிரெதிரே அமர்ந்து இரு நீண்ட மூங்கிற்கழிகளைத் தரையிலும் ஒன்றோடொன்றும் தட்டுவர். ஆடுவோர் கழிகளுக்கிடையே கால் சிக்காமல் துள்ளிச் செல்வர். லெய்ட்டே தீவில் வேர்கொண்ட இவ்வாட்டம், டிக்லிங் என்னும் நெடுங்கால் வயற்பறவையின் நடையைப் போலச் செய்வது என்பர். மிசோரம் மக்களின் செராவ் ஆட்டத்தை அறிந்தோர்க்கு இது அயலாகத் தோன்றாது. எனினும் இவ்வொப்புமை ஒன்றையே கொண்டு வரலாற்றுத் தொடர்பு பேசுவது பொருந்தாது.

தன் நாட்டின் நாட்டார் ஆடல் ஒன்றைத் தன் கால்களால் அறியாமல் பள்ளியைக் கடந்த பிலிப்பைன்ஸ் குழந்தையைக் காண்பது அரிது. ஆசிய நாடுகள் பலவற்றில் நாட்டார் கலை பாடநூலின் வண்ணப்படமாகவோ தேர்வின் ஒரு மதிப்பெண் வினாவாகவோ நின்றுவிட்ட நிலையில், இது எளிதில் ஒதுக்கத்தக்க வெற்றி அன்று. ஆயினும் அக்குழந்தை அறிந்தது எதனை என்னும் வினா எஞ்சுகிறது. ஆலன் டண்டிஸ் 1964-இல் எழுதிய கட்டுரையில், நாட்டார் வழக்காற்றை இழையமைப்பு, பனுவல், சூழல் என்னும் மூன்று தளங்களிலும் வைத்து விளக்க வேண்டும் என்றார். அம்மூன்றனுள் பிலிப்பைன்ஸ் பள்ளி எதனைக் குழந்தையின் கையில் கொடுத்தது, எதனைக் கொடுக்க இயலாமற்போனது என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

பாடநூலான ஆடல்

அமெரிக்க ஆட்சிக்காலத்தில் பிலிப்பைன்ஸ் பள்ளிகளின் உடற்கல்வி வகுப்புகளில் அமெரிக்க, ஐரோப்பிய விளையாட்டுகளும் ஆடல்களுமே பயிற்றப்பட்டன. இந்நிலையை மாற்றியவர் பிரான்சிஸ்கா ரெயெஸ் அக்கினோ (1899–1983). சிற்றூர்களுக்கு நேரில் சென்று முதியோரிடம் ஆடல்களையும் விளையாட்டுகளையும் கேட்டுப் பதிந்த அவர், பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகத்தில் 1926-இல் அளித்த முதுகலை ஆய்வேட்டை விரித்து 1927-இல் நூலாக்கினார். பல்கலைக்கழகத் தலைவர் ஹோர்ஹே பொகோபோ 1934-இல் அமைத்த குழுவில், இசையறிஞர் அந்தோனினோ புவெனவெந்துரா முதலியோருடன் இணைந்து இப்பணியை அவர் மேலும் விரிவாக்கினார். 1973-இல் ஆடற்கலைக்கான முதல் தேசியக் கலைஞர் என்னும் சிறப்பு அவருக்கு வழங்கப்பட்டது.

அவர் உருவாக்கிய பதிவுமுறையே ஈண்டுக் கூர்ந்து நோக்கத்தக்கது. ஒவ்வோர் ஆடலுக்கும் அது வழங்கும் இடம், உடை, இசைக்குறிப்பு, தாளக்கணக்கு, அடவு வரிசை ஆகியன தரப்பட்டன. மணிக்கட்டைச் சுழற்றும் கையசைவு குமின்டாங். ஒரு காலை மறுகாலுக்குக் குறுக்கே வைத்து உடல் தாழ்த்துவது சாரோக். சுழன்று வணங்குவது சலூடோ. பெயரிடப்பட்ட அசைவுகளின் கோவையாக ஆடல் மாறியதும், அதை ஒருபோதும் நேரில் கண்டிராத ஆசிரியரும் நூலை விரித்து வைத்துக்கொண்டு கற்பிக்க முடிந்தது. மின்டோரோவின் லூபாங் தீவுக்குரிய விளக்காடலில் ஆடுபவர் ஒரு விளக்கைத் தலையிலும் இரு விளக்குகளைக் கைகளிலும் ஏந்துவர். அவ்வாடலை அத்தீவின் பெயரையே கேட்டறியாத சிறுமியும் கற்றாள். அச்சும் பள்ளியும் இல்லையேல் இப்பரவல் நிகழ்ந்திராது.

இழப்பு எங்கே நிகழ்ந்தது என்பதைச் சுரிகாவோ பகுதியின் இத்திக்-இத்திக் ஆடல் தெளிவாகக் காட்டுகிறது. ஞானமுழுக்கு விருந்தொன்றில் கானாங் என்னும் பெண் ஆட அழைக்கப்பட்டாள் என்றும், ஆடிய களிப்பில் வாத்தின் நடையையும் சிறகடிப்பையும் தானே புனைந்து ஆடினாள் என்றும், கண்டவர் அனைவரும் உடனே அவளைப் பின்பற்றினர் என்றும் ஒரு கதை வழங்குகிறது. கதை மெய்யோ புனைவோ, அது இவ்வாடலின் பிறப்பைப் பற்றிச் சொல்வது முதன்மையானது. ஒரு விருந்து இருந்தது; களிப்பு இருந்தது; மரபு அடவை மீறும் உரிமை ஒருத்திக்கு இருந்தது; அவள் மீறலைத் தமதாக்கிக்கொள்ளும் கூட்டமும் இருந்தது. பாடநூலில் ஏறியபின் அவ்வாத்து நடை எண்ணிட்ட அடவுகளாயிற்று. இன்று வகுப்பறையில் ஒரு சிறுமி கானாங் செய்ததையே செய்தால், அதாவது களிப்பில் தன் அசைவொன்றைச் சேர்த்தால், அது பிழையெனத் திருத்தப்படும். மீறலில் பிறந்த ஆடலின் விளைவு காக்கப்பட்டது. அதைப் பிறப்பித்த ஆற்றல் நூலுக்கு வெளியே நின்றுவிட்டது.

இதை ரெயெஸ் அக்கினோவின் குறையாகக் கொள்வது முறையன்று. சூழலை அச்சிட்டு அனுப்ப எவராலும் இயலாது. அவர் அச்சிட்டது குழந்தையின் கைகால்களுக்குரிய பனுவல். அப்பனுவல் குழந்தையை ஆடச் செய்தது, உட்கார்ந்து பார்க்கச் செய்யவில்லை. அவர் பணியில் குறை காண வேண்டின் வேறோரிடத்தில் காணலாம். தொடக்கத் தொகுப்பு பெரிதும் சமவெளிக் கிறித்துவ மக்களின் ஆடல்களைச் சார்ந்தது. கோர்டில்லேரா மலைமக்களும் மின்டனாவோ மக்களும் தேசிய ஆடற்பரப்பில் பரவலாக இடம்பெறும் காலம் வந்தபோது, அவர்களை வரவேற்றது பாடநூலினும் மேடையே. அது அவர்களுக்கு நல்வாய்ப்பாக அமையவில்லை.

காண்போராக்கிய மேடை

1957-இல் பிலிப்பைன் மகளிர் பல்கலைக்கழகத்தில் பயானிஹான் நடனக்குழு உருவானது. எலேனா பெனிதெஸ் தலைமையும், லுக்ரேசியா ரெயெஸ் உர்த்துலாவின் நடன அமைப்பும், லுக்ரேசியா கசிலாகின் இசையும் சேர்ந்து 1958-இல் பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சியில் அக்குழுவுக்குப் பெரும்புகழ் தேடித் தந்தன. அடுத்த ஆண்டே அது நியூயார்க் மேடையேறியது. 1998-இல் சட்டத்தின்வழித் தேசிய நாட்டார் நடனக்குழுவாக அறிவிக்கப்பட்டது. மலைநாட்டார், முஸ்லிம்கள், இஸ்பானியச் சாயல் கொண்டோர், பழங்குடியினர், சிற்றூர் உழவர் என நாட்டை ஐந்து தொகுதிகளாக்கி, உழவரின் டினிக்லிங் துள்ளலில் நிகழ்ச்சியை முடிக்கும் வடிவம் இக்குழுவினால் நிலைபெற்றது.

மரனாவ் மக்களின் சிங்கில் ஆடல் இத்தொகுப்பில் நேர்ந்த மாற்றத்துக்குச் சான்றாக எப்போதும் காட்டப்படுவது. 17 தொகுதிகளும் 72,000 அடிகளும் கொண்ட தராங்கன் காப்பியத்தோடு தொடர்புடைய இவ்வாடலில், குறுக்கிட்டு மோதும் மூங்கில்களுக்கிடையே உயர்குடி மகளிர் விசிறி ஏந்தி, முகத்தில் சலனமின்றி நடப்பர். சிங்கில் என்பது கணுக்காலில் அணியும் வளையத்தையும் குறிக்கும். மேடை இதனை இளவரசியும் இளவரசனும் குடைபிடிக்கும் பணிப்பெண்ணும் தோன்றும் அரண்மனைக் காட்சியாக விரித்து, விரைவையும் கூட்டியது. பார்பரா கேர்லன் 1999-இல் வெளியிட்ட கட்டுரை, இம்முஸ்லிம் தொகுதியில் கீழைத்தேயவாதப் பார்வை எவ்வாறு தேசியப் பெருமிதத்தின் உடையில் வருகிறது என்பதை விரிவாக எடுத்துக்காட்டியது. மரனாவ், மகின்டனாவ், தாவ்சுக், சாமா, யாக்கான் என வேறு வேறு மொழியும் இசையும் உடைய மக்கள் ஒரே தலைப்பின்கீழ் வந்ததை நோக்க, அக்கருத்தை மறுப்பதற்கு இடமில்லை.

ஆயினும் இத்தகைய திறனாய்வு பெரும்பாலும் உருவச் சிதைவோடு நின்றுவிடுகிறது. மூலத்துக்கு நெருக்கமான சிங்கிலை மேடையேற்றிவிட்டால் குறை தீர்ந்துவிடும் என்ற எண்ணத்துக்கு அது வழிவிடுகிறது. 1972-இல் தம் குழுவைத் தொடங்கிய ரமோன் ஒபுசான் அத்தகைய முயற்சியில் வாழ்நாள் முழுதும் உழைத்தார். மதிக்கத்தக்க உழைப்பு அது. ஆனால் அவர் அரங்கிலும் குழந்தை இருக்கையில்தான் அமர்ந்திருக்கிறது. பாடநூலும் மேடையும் வேறுபடும் இடம் இதுவே. வகுப்பறையில் தப்பும் தவறுமாக ஆடிய சிறுமிக்குக் கழியின் அடி எவ்வாறு கணுக்காலில் விழும் என்பது தெரியும். பிழையற்ற சிங்கிலைக் கண்டு கைதட்டிய சிறுமிக்கு அது தெரியாது. மின்டனாவோச் சிறுமியின் நிலையோ மேலும் சிக்கலானது. தன் பாட்டியார் அமைதியாக நடந்த நடையை நாட்டின் புகழ்மிக்க குழு வேறொரு நடையாகக் காட்டும்போது, எது தனது என்னும் ஐயம் அவளுக்கே எழக்கூடும்.

அமெரிக்காவில் வளரும் பிலிப்பைன்ஸ் வழித்தோன்றல்களிடம் இம்மேடை வடிவமே மரபாகக் கைமாறியுள்ளது. கலிபோர்னியப் பல்கலைக்கழக மாணவர் ஆண்டுதோறும் நடத்தும் பண்பாட்டு இரவுகள் அதே தொகுதிமுறையைப் பின்பற்றுகின்றன. எனினும் அங்கு மாணவர்கள் தாமே மாதக்கணக்கில் பயின்று ஆடுவதால், பார்வையாக மாறியது மீண்டும் பங்கேற்பாகிவிடுவதையும் சொல்லியாக வேண்டும். தொழில்முறை மேடைக்கு இல்லாத ஒரு சூழல், ஊர்விட்டு வந்தோரின் பிள்ளைகள் ஒன்றுகூடும் தேவை, அங்கே இருக்கிறது.

தேவையின் வழி வரும் கல்வி

பாடநூலுக்கும் மேடைக்கும் அப்பால், கலையை எவரும் 'கற்பிக்காத' இடங்களில் குழந்தை அதனை எவ்வாறு அடைந்தது என்பதை நோக்கினால்தான் இழப்பின் அளவு புலப்படும்.

மின்டோரோத் தீவின் தென்பகுதியில் வாழும் ஹனுனுவோ மங்யான் மக்களின் அம்பாஹன் ஏழு அசையொலிகள் கொண்ட அடிகளால் ஆகி, அடியிறுதியில் இயைபு பெறும் பாடல்வகை. கத்திமுனையால் மூங்கிலில் கீறி எழுதப்படும் அவர்களது எழுத்து இந்திய எழுத்துமரபின் தொலைதூரக் கிளை. இம்மக்களிடையே எழுத்தறிவு பரவியிருந்த முறையை ஹெரால்டு காங்க்லின் 1949-இல் வெளியிட்ட கட்டுரையில் விளக்கினார். அங்குப் பள்ளியில்லை, ஆசிரியரில்லை. பருவம் எய்தும் இளையோர் காதற்பாடல்களை இயன்றவரை மிகுதியாகச் சேர்த்துவைக்க விரும்பினர். அவ்விருப்பமே அவர்களை எழுத்துக் கற்கச் செய்தது. தெரிந்த ஒருவரைப் பார்த்துக் கீறிப் பழகினர். காதலுக்கு மட்டுமன்றிப் பெற்றோர் பிள்ளைக்கு அறிவுரை கூறவும், விருந்தினர் விடைபெறவும் அம்பாஹன் பயன்பட்டது. நேரே சொல்லக் கூசுவதைப் பாடலின் உவமை ஏற்றுக்கொள்ளும். இச்சூழலில் வளரும் இளைஞனுக்கு, நல்ல அம்பாஹன் எது என்பதைத் தீர்மானிப்பது இலக்கணம் அன்று. எதிரே இருப்பவளின் விடைப்பாடலே. கலைநயப்பு என்பது பிழைத்தால் விளைவு உண்டு என்பதையும் உள்ளடக்கியது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று காண்பது கடினம்.

லூசோன் தீவின் வட மலைப்பகுதியில் இஃபுகாவோ மக்கள் ஓதும் ஹுட்ஹுட் வேறொரு வகையில் இதனையே உணர்த்துகிறது. விதைப்பிலும் அறுவடையிலும் இறந்தோர்க்குக் கண்விழிக்கும் இரவுகளிலும் பெண்களே பெரிதும் பாடும் இக்காப்பிய ஓதுகையில் 200-க்கும் மேற்பட்ட கதைகள் உள்ளன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 40 பகுதிகளாக விரியும். தலைமைப் பாடகி ஓரடியைத் தொடங்க, மற்றப் பெண்கள் இடையில் சேர்ந்து அதனை முடிப்பர். வயலில் தாயோடு நின்ற சிறுமி முதலில் கற்பது கதையை அன்று, சேர்ந்து பாடும் இடத்தை. எங்கே மூச்செடுக்க வேண்டும், எப்போது குரல் கொடுக்க வேண்டும் என்பது தெரிந்தபின் வீரன் அலிகுயோனின் பெயரும் ஊரும் தாமே வந்து அமையும். பாட்டின் நீளமோ வேலையின் நீளத்தைத் தழுவியது. அறுவடை முடியும்வரை பாட்டு முடிய வேண்டியதில்லை.

2001-இல் யுனெஸ்கோ ஹுட்ஹுட்டைச் சிறப்புமிகு மரபாக அறிவித்தது. 2008-இல் அது உலகப் பட்டியலில் சேர்ந்தது. கிறித்துவ மதமாற்றமும் அறுவடை இயந்திரமயமானதும் பயிரிடுவோர் குறைந்துவருவதும் இம்மரபை நலிவித்தன என்று யுனெஸ்கோவே குறிப்பிடுகிறது. அதே மக்களின் நெற்படிக்கட்டு வயல்கள் 1995-இல் உலக மரபிடமாகி, 2001-இல் அழிவுக்குள்ளாகும் மரபிடங்களின் பட்டியலில் இடம்பெற்று, 2012-இல்தான் அதிலிருந்து மீண்டன. வயலுக்கு ஒரு பட்டியல், பாட்டுக்கு வேறொரு பட்டியல். இரண்டும் ஒன்றே என்பதை அறிந்திருந்தவள் அறுவடைக் களத்தில் நின்ற அச்சிறுமி மட்டுமே.

மின்டனாவோவில் சேபு ஏரியை அடுத்து வாழும் திபோலி மக்களின் தினாலக் நெசவு இன்னும் ஒரு படி ஆழமானது. அபாக்கா எனப்படும் நார்வாழையின் இழைகளை முடிச்சிட்டுச் சாயம் தோய்த்துக் கருப்பு, சிவப்பு, இயல்நிறம் என்னும் மூன்றால் உருவங்கள் நெய்யப்படுகின்றன. இழை வெப்பத்தில் அறுபடும் என்பதால் குளிர்ந்த பொழுதுகளே நெசவுக்கு உரியன. உருவங்களை அபாக்காவின் ஆவியாகிய ஃபூ தாலு கனவில் அருளுவதாக நம்பிக்கை. 12 வயதில் தாயிடம் நெசவைத் தொடங்கிய லாங் துலாய் (1928–2015) ஏறத்தாழ நூறு உருவங்களை நினைவில் வைத்திருந்தார். மேகம், வண்ணத்துப்பூச்சி, நெற்றிமயிர் என அவற்றுக்குப் பெயரும் உண்டு. பாட்டி நெய்த உருவத்தைப் பெயர்த்தி நெய்யலாம். ஆனால் புது உருவம் வேண்டுமெனில் கனவு வர வேண்டும். கனவுக்குப் பாடத்திட்டம் வகுப்பது எவ்வாறு என்பது நகைப்புக்குரிய வினாவாகத் தோன்றலாம். திபோலிச் சிறுமியைப் பொறுத்தவரை அது படைப்புரிமை பற்றிய வினா. கானாங்குக்குக் களிப்பு அளித்த உரிமையை இங்குக் கனவு அளிக்கிறது.

வாழும் மரபுப் பள்ளி

1992-இல் இயற்றப்பட்ட குடியரசுச் சட்டம் 7355 நாட்டார் கலைவல்லுநர்க்கு நாட்டின் படைப்பாளர் என்னும் உயர் விருதை ஏற்படுத்தியது. அம்பாஹன் பாடகர் கினாவ் பிலோக் முதலிய மூவர் 1993-இல் அதனை முதன்முதலாகப் பெற்றனர். லாங் துலாய் 1998-இல் பெற்றார். விருது பெறுவோர் தம் கலையை இளையோர்க்குக் கற்பிக்க வேண்டும் என்பது விருதோடு வரும் கடமை. விருதைக் கௌரவமாக மட்டும் கருதிப் பொன்னாடையோடு முடித்துக்கொள்ளும் அரசுகள் கற்கவேண்டிய செய்தி இது. 1995 முதல் தேசியப் பண்பாட்டு, கலை ஆணையம் வாழும் மரபுப் பள்ளிகளை நடத்திவருகிறது. அங்குப் பாடநூல் இல்லை. வல்லுநர் முன்னிலையில், அவர் மொழியில், செய்துகாட்டிச் செய்யவைத்துக் கற்பிப்பதே முறை. 2021-இல் யுனெஸ்கோ இதனை நல்ல பாதுகாப்பு நடைமுறைகளுள் ஒன்றாக ஏற்றது.

பாடநூல் தர இயலாத இரண்டை இப்பள்ளி தருகிறது. ஆசிரியர் அச்சமூகத்தவர், ஆதலால் மாறுபாடு பிழையா, வளமா என்று தீர்ப்பளிக்கும் தகுதி அவருக்குண்டு. கற்பவரும் அச்சமூகத்துப் பிள்ளை. எனவே சிங்கிலில் நேர்ந்த அந்நியப்படுதல் இங்கு நேர்வதில்லை. எனினும் இஃபுகாவோப் பள்ளியில் ஹுட்ஹுட் பயிலும் சிறுமிக்கு அறுவடைக் களத்தை இப்பள்ளி தர இயலுமா என்று கேட்டால், இயலாது என்பதே நேர்மையான விடை. வகுப்பு நேரத்துக்குள் முடியும் பகுதியையே அவள் பாடுகிறாள். வேலை நீளும்வரை நீண்ட பாட்டு மணிக்கணக்குக்குள் அடங்க வேண்டியதாகிறது. குரல் மீள்கிறது; மூச்செடுக்கும் இடத்தைத் தீர்மானித்த உழைப்பு மீளவில்லை.

இதிலிருந்து, பள்ளி என்னும் அமைப்பே நாட்டார் கலைக்குப் பகை என்று முடிவு கட்டுவது தவறு. பரோல் எனப்படும் நட்சத்திர விளக்கு அதற்குத் தக்க மறுப்பு. பத்து மூங்கிற் பிளாச்சுகளை இரு ஐந்துமுனை நட்சத்திரங்களாகக் கட்டி, இடையில் சிறு குச்சிகள் கொடுத்து உப்பச் செய்து, மெல்லிய வண்ணத்தாள் ஒட்டி, வால் தொங்கவிடுவதை நாடெங்கும் பிள்ளைகள் பள்ளியில் கைவேலையாகச் செய்கின்றனர். பசை வழிந்து கோணலாக அமைந்தாலும் அது வீட்டுச் சாளரத்தில் தொங்கும். டிசம்பர் 16 முதல் 24 வரை விடியற்கால வழிபாட்டுக்குச் செல்வோர் அதைக் கடந்து செல்வர். பாம்பாங்கா மாநிலத்தின் சான் பெர்னாண்டோ நகரத்து மாபெரும் விளக்குகளை வியக்கும் கண், தன் கோணல் விளக்கைக் கட்டிய கையோடு சேர்ந்தே வளர்கிறது. பள்ளி இங்கு அடவை மட்டுமே கற்பிக்கிறது. அதுவே போதுமானதாகிறது, ஏனெனில் சூழல் பள்ளிக்கு வெளியே உயிரோடு உள்ளது. ஆகவே ஒரு கலையைப் பாடத்திட்டத்தில் சேர்க்குமுன் கேட்க வேண்டியது, அது எவ்வளவு தொன்மையானது என்பதன்று. கற்ற பிள்ளை அதனை எங்கே கொண்டுசென்று பயன்படுத்தும் என்பதே. வாழும் மரபுப் பள்ளிகளுக்கு ஒதுக்கப்படும் கவனத்தில் ஒரு பங்கு படிக்கட்டு வயலின் நெல்லுக்கும் அபாக்காத் தோட்டத்துக்கும் செல்லாவிடில், அவை நாளடைவில் இன்னொரு வகைப் பாடநூலாகவே எஞ்சும்.

செபு நகரத்துச் சினுலோக் ஆடலில் இவ்விரு நிலைகளையும் ஒரே நாளில் காணலாம். 1980-இல் தொடங்கிய சினுலோக் ஊர்வலப் போட்டியில் பள்ளி மாணவர் உள்ளிட்ட குழுக்கள் ஒத்த உடையில், ஒத்த அசைவில் ஆடுகின்றன. அதே நகரில் குழந்தை இயேசு பேராலயத்தின் முற்றத்தில் மெழுகுவர்த்தி விற்கும் பெண்கள் ஆடும் பழைய சினுலோக்கும் உள்ளது. சாலி ஆன் நெஸ் 1992-இல் வெளியிட்ட நூலில் இவ்விரண்டின் அசைவுகளையும் தனித்தனியே நுணுகி ஆராய்ந்துள்ளார். போட்டித்திடலில் நடுவர் குழுவுக்கு முன் ஆடி முடித்து, வண்ண உடை கலையாமலே தாயோடு ஆலயத்துக்கு வரும் சிறுமி அங்கு வேறொரு சினுலோக்கைக் காண்கிறாள். தாய் ஒரு மெழுகுவர்த்தி வாங்குகிறாள். வாங்கியவரின் வேண்டுதல் இன்னதென்று அறிந்து, மெழுகுவர்த்தியைக் கையிலேந்தி, அவர் பொருட்டு அம்முதியவள் முன்னும் பின்னுமாக அடி வைக்கத் தொடங்குகிறாள்.